ஷம்சாத் சொல்லிக்கொடுத்த பதில்கள்

ஷம்சாத் கண் விழித்தபோது அடுப்படித் தரையில் கிடந்தாள். மீன் ஆணம், குழம்பெல்லாம் வற்றி, அடிப்பிடித்துக் கரிந்து, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. பக்கத்தில் அவளுடைய மூத்த மகள் தஹ்மீனா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்து நாலு. வலது கையை மலர்த்தி உம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"எம் பேரு தஹ்மீனா. வாப்பா பேரு உபைதுல்லா. வாப்பா சவூதியில இருக்காங்க. மீன் ஆணம் ஆக்கினேன்."

சொல்லி முடித்ததும் உள்ளங்கையைப் பார்த்தாள். கை காலி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளோ, குரல் கம்மிப் போயிருந்தது.

ஷம்சாத்துக்குச் சர்க்கரை நோய் வந்து சில வருஷம் ஆகிறது. மயங்கி விழுவது இதுதான் முதல் தடவை. எழுந்து அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், மகளின் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள். தஹ்மீனா சந்தோஷமாக வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் ஷம்சாத்துக்கு உறைத்தது. பெற்ற தாய் பேச்சுமூச்சில்லாமல் கிடந்திருக்கிறாள். அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டும் என்றுகூட இந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. நான் அப்படியே போய்ச் சேர்ந்திருந்தால்? என்னைக் குளிப்பாட்டித் தூக்கும்வரைக்கும் இப்படியே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? அவளுக்கு யார் தலை வாரிவிடுவார்கள்? மாதம் மூன்று நாள் யார் பார்த்துக்கொள்வார்கள்?

மயங்கி விழுந்ததைப் புருஷனிடம் அவள் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்லாதது அது ஒன்றுதான் என்றால் இந்தக் கதையே இல்லை.

தஹ்மீனா பிறந்தபோது தலை நின்றுகொண்டு வெகுநேரம் வரவில்லை. பிறந்ததும் அழவும் இல்லை. பிள்ளை கைப்பிள்ளையாக இருக்கும்போதே உபைதுல்லா ஊராரைப் பார்த்துத் தானும் கடன்பட்டு விசா வாங்கி, பம்பாய் போய், சவூதிக்கு விமானம் ஏறிவிட்டார். திருத்துறைப்பூண்டியில் அவர்கள் தெருவில் அந்தச் சமயம் வீட்டுக்கு ஓர் ஆம்பிளை அங்கேதான் இருந்தார். ரியாத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு மாசம் இருப்பார். அந்த இரண்டு மாசமும் விருந்துக்குப் போகவும் விருந்தாளி வரவுமே சரியாக இருக்கும்.

பிள்ளை நடக்கவும் பேசவும் தாமதமானபோது தஞ்சாவூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "மூளை வளர்ச்சி இவ்வளவுதாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் ஷம்சாத் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் கணவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். "பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள்" என்று எழுதினாள். கண்காணாத தேசத்தில் ஓர் அறையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் வேறு எப்படி எழுதுவாள்? அந்தப் பொய் அன்புக்குப் பிறந்த பொய்தான். அன்புக்குப் பிறந்த பொய்யானாலும் அதற்கும் தீனி போட்டுக்கொண்டேதானே இருக்க வேண்டும்?

அந்தக் காலத்தில் கடிதத்தைவிடக் கேசட்தான் பெரிது. சவூதியிலிருந்து ஆம்பிளைகள் பேசி அனுப்புவார்கள், இங்கிருந்து வீட்டோடு உட்கார்ந்து பேசி அனுப்புவார்கள். எல்லாப் பிள்ளைகளின் குரலும் போகும்போது தன் பிள்ளையின் குரல் போகாமல் இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஷம்சாத் டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணவர் அனுப்பிய பேரீச்சம்பழ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சரியாகச் சொன்னால் ஒரு பழம். 'அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா' என்பதற்கே ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. அப்புறம் 'நல்லா இருக்கீங்களா', 'நான் நல்லா இருக்கேன்', கடைசியில் 'எப்ப வருவீங்க'. கேசட்டைக் கேட்டு உபைதுல்லா அழுதுவிட்டதாக, ஊருக்கு வந்த ஒருவர் வந்து சொன்னார். ஷம்சாத்துக்கு அன்றைக்குப் பெருநாள்தான்.

பிறகு வீட்டுக்கே போன் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாயங்காலம் மணியடிக்கும். தஹ்மீனா ஓடிப்போய் எடுத்து அந்த நாலு வாக்கியத்தையும் தட்டுத்தடுமாறாமல் சொல்லிவிட்டு, ரிசீவரை உம்மாவிடம் கொடுத்துக் கையை நீட்டுவாள். அந்தப் பக்கம் அவர், "புள்ளை எவ்வளவு தெளிவாப் பேசுது பாரு" என்பார்.

இளையவள் ஷமீராவைப் பெண் பார்க்க வரத் தொடங்கியபோது இன்னொரு பாடம் தேவைப்பட்டது. பெண் பார்க்க வருகிற அம்மாமார்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு வீட்டில் என்ன குறை இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதற்கு அல்லா தனியாக ஒரு மூக்கு கொடுத்திருக்கிறான். அக்காவுக்கு இப்படி என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது. ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். நல்லவேளையாக, எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கேள்விகள் ஒன்றே. வரிசையும் ஒன்றே. பேரு என்னம்மா? வாப்பா பேரு? வாப்பா எங்க இருக்காங்க? இன்னைக்கு என்ன ஆக்கினே? தஹ்மீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, டீத் தட்டை வைத்துவிட்டு, நாலுக்கும் பதில் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து பழம் வாங்கிக்கொள்வாள். "மூத்தவளுக்கு ஆஸ்துமா, அதனால கல்யாணம் வேணாம்னு சொல்லுது" என்று ஷம்சாத் சொல்லிவிடுவாள். ஷமீராவுக்கு நல்ல இடம் அமைந்தது. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள்.

சவூதியில் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் வேலை என்று கெடுபிடி வந்ததும் உபைதுல்லா ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். கடைத்தெருவில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் போட்டுக்கொண்டார். காலையில் அவர் எழுந்திருக்கும் முன்பே ஷம்சாத் மகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, தலை வாரி உட்கார வைத்துவிடுவாள். ராத்திரி அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். இடையில் அவர் உள்ளே வந்தால் தஹ்மீனா சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, டீ கொடுத்தால் கொண்டுபோய் வைப்பாள். "என்ன ஒரு அதபு, என்ன ஒரு மரியாதை! நீ நல்லா வளர்த்திருக்கே ஷம்சாத்" என்று அவருக்குப் பெருமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் போன் பக்கத்திலிருந்து அவளை நகர்த்த முடியாது. பழக்கம், போகப் போக விட்டுவிடும் என்று ஷம்சாத் நினைத்தாள்.

ஷம்சாத் மயங்கி விழுந்த பிறகு, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டு சஃபியாதான் வழி சொன்னாள். "ஊனமுற்றவங்களுக்கு முகாம் போடுறாங்கக்கா. டாக்டர் பார்த்து எவ்வளவு சதவீதம்னு எழுதிச் சான்றிதழ் குடுப்பாரு. அது இருந்தா அடையாள அட்டை, மாசாமாசம் உதவித்தொகை. தஞ்சாவூர்ல இப்படிப்பட்ட பொம்பளப் புள்ளைகளுக்கு ஒரு காப்பகம் இருக்கு. அங்க சேர்க்கணும்னாலும் அந்தச் சான்றிதழைத்தான் முதல்ல கேப்பாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆகறதுக்குள்ள வாங்கி வெச்சுடுங்க."

உபைதுல்லா குதித்தார். "இத்தனை வருஷம் பாலைவனத்துல கிடந்தது கவர்மெண்ட்கிட்ட கையேந்தவா? எம் புள்ளைக்கு அப்படி என்ன குறை?"

"கொஞ்சம் மந்தம்தானேங்க. குடுக்கறதை ஏன் விடணும்? நம்ம காலத்துக்கு அப்புறம் அவளுக்குன்னு ஒண்ணு வேணாமா?"

அரை மனசோடு சம்மதித்தார். ரேஷன் கார்டு நகல், போட்டோ, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து என்று அலைந்து வாங்கியதெல்லாம் ஷம்சாத்தான்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மூன்று சக்கர வண்டிகளும் ஊன்றுகோல்களும் தோளில் சுமந்து வந்த பிள்ளைகளுமாக நிற்க இடமில்லை. ஷம்சாத் இங்கேதான் ஒரு பெரிய தப்பைச் செய்தாள். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போகிறோம் என்று மகளுக்கு ஷமீராவின் நிக்காஹ்வுக்கு எடுத்த சுரிதாரைப் போட்டு, அத்தர் தடவி, கையில் கடிகாரம் கட்டிக் கூட்டிப் போனாள். வேறு மாதிரிக் கூட்டிப்போக அவளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை வெளியாள் முன்னால் கொண்டுபோவதென்றால் மறைத்துத்தான் பழக்கம்.

மனநல டாக்டர் சின்ன வயசுக்காரர். எதிரே இருந்த வரிசையைப் பார்த்தே களைத்திருந்தார்.

"பேரு என்னம்மா?"

"எம் பேரு தஹ்மீனா."

"அப்பா பேரு?"

"வாப்பா பேரு உபைதுல்லா."

"அப்பா என்ன பண்றாங்க?"

"வாப்பா சவூதியில இருக்காங்க."

பக்கத்தில் நின்ற உபைதுல்லா சிரித்துவிட்டார். "பழக்கதோஷம் சார். நான் ஒரேயடியா வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது."

டாக்டரும் சிரித்தார். "காலைல என்ன சாப்பிட்டே?"

"மீன் ஆணம் ஆக்கினேன்."

சொல்லிவிட்டுத் தஹ்மீனா கையை நீட்டினாள். டாக்டர் அதைப் பிடித்துக் குலுக்கினார். "வெரி குட். நல்லாப் பழகுதே!" என்று சொல்லிக்கொண்டே தாளில் எழுதினார். லேசான குறைபாடு. உதவித்தொகைக்குத் தகுதி இல்லை.

ஷம்சாத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பக்கத்தில் கணவர் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான்தான் சொன்னேனே, நம்ம புள்ளை கெட்டிக்காரி" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். தான் வருஷக்கணக்காகக் கட்டிய சுவரில் தானே போய் முட்டிக்கொண்டு நின்றாள்.

வாசல் மேஜையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த இராஜாங்கம் என்ற ஊழியர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "மறுபரிசீலனைன்னு எழுதிக் குடுங்கம்மா. அடுத்த முகாம்ல வேற டாக்டர் பார்ப்பாங்க. ஆனா வீட்டுல புள்ளை எப்படி இருக்குமோ அப்படியே கூட்டிட்டு வாங்க. ஜோடிச்சுக் கூட்டிட்டு வராதீங்க."

அடுத்த முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். இன்னொரு டாக்டரும் பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் புருஷனிடம் சொல்லி வைத்தாள். உண்மையை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஷம்சாத் தினமும் நினைத்தாள். தினமும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "டாக்டரே கைகுடுத்துட்டாரு பாத்தியா" என்று ஆரம்பித்துவிடுவார். எப்படிச் சொல்வாள்? கடைசியில், சொல்வதை விட்டுவிட்டு வழக்கம்போலச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். இந்தத் தடவை பாடம் தலைகீழ். "யாரு என்ன கேட்டாலும் பேசக் கூடாது. பேசாம இருந்தாத்தான் பழம்." வாயைத் திறந்தால் டப்பாவை மூடிவிடுவாள். தஹ்மீனாவுக்குக் குழப்பம். பேசினால்தானே பழம்? அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து ஷம்சாத்தும் அழுதாள். ஆனாலும் விடவில்லை.

தலைமை ஆசிரியர் அறையில் டாக்டர் ப்ரியம்வதா உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, கண்டிப்பான முகம். மேஜைமேல் தாள்கள், ஒரு பழைய கறுப்புப் போன். வீட்டுத் துணியில் வந்திருந்த தஹ்மீனாவை நடுவில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் உபைதுல்லாவும் அந்தப் பக்கம் ஷம்சாத்தும் உட்கார்ந்தார்கள்.

"உன் பேரு என்னம்மா?"

தஹ்மீனா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா. அப்பா பேரு?"

உபைதுல்லா பதறினார். "நல்லாப் பேசுவா டாக்டரம்மா. இன்னைக்கு என்னமோ..."

டாக்டர் தாழ்வாகக் கேட்டார். "ஏம்மா பேச மாட்டேங்கறே?"

"உம்மா பேசக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள் தஹ்மீனா, கணீரென்று.

உபைதுல்லா திரும்பி மனைவியைப் பார்த்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"உதவித்தொகைக்காகப் பெத்த பொண்ணையே நடிக்கச் சொல்றீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா? வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

"நடிக்கச் சொல்லல டாக்டரம்மா!" ஷம்சாத்தின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இத்தனை வருஷமா நடிக்க வெச்சேன். இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் நடிக்காதேன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பேரு, வாப்பா பேரு, ஆணம் ஆக்கினது, எல்லாம் நான் பழம் குடுத்துச் சொல்லிக்கொடுத்தது. தனியா ஒரு பட்டன் போடத் தெரியாது. அடுப்புல கையை வெப்பா. நான் மயங்கி விழுந்து கிடந்தேன், பக்கத்துல உக்காந்து பழத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு இருந்தா. நான் போயிட்டா அவளுக்கு யாரு?"

"மயங்கி விழுந்தியா? எப்ப?" என்றார் உபைதுல்லா. பிறகு ஏதோ உறைத்தாற்போல, "என்ன உளர்றே ஷம்சாத்? டாக்டரம்மா, இவ பயத்துல பேசுறா. என் புள்ளை என்கிட்ட வாராவாரம் போன்ல பேசினவ. எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு உசிரை வாங்குவா. தெரியாத புள்ளையா அப்படிக் கேக்கும்?"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தஹ்மீனாவின் பக்கம் குனிந்தார். "உம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ பேசலாம். என்ன ஆக்கினேம்மா இன்னைக்கு?"

தஹ்மீனா உம்மாவைப் பார்த்தாள். ஷம்சாத் தலையசைத்தாள்.

"எம் பேரு தஹ்மீனா."

"சரி. உன் பேரு என்ன?"

"வாப்பா பேரு உபைதுல்லா."

உபைதுல்லாவின் முகம் வெளுத்தது. ஷம்சாத்துக்கும் பேயறைந்தாற்போல் ஆயிற்று. மகளுக்கு வேறு எதுவும் தெரியாது என்றுதான் அவள் சொன்னாள். சொல்லிக்கொடுத்ததாவது தெரியும் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தாளே! கேள்வியின் வரிசையை மாற்றிக் கேட்க அவளுக்கே ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

உபைதுல்லா நாற்காலியை மகளுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் கெஞ்சியது. "பயந்துட்டியா? பயப்படாதே. வாப்பா எங்கேம்மா? டாக்டரம்மாவுக்கு வாப்பாவைக் காட்டு. வாப்பாவைக் காட்டும்மா."

தஹ்மீனா அவரை ஒரு பார்வை பார்த்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. எழுந்துபோய் மேஜைமேல் இருந்த கறுப்புப் போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். எப்ப வருவீங்க?"

பிறகு ரிசீவரைக் கொண்டுவந்து உம்மாவிடம் கொடுத்துவிட்டு, பழத்துக்குக் கையை நீட்டினாள்.

ரிசீவரில் டயல் டோன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உபைதுல்லா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாசமாகத் தன்னைக் கண்டதும் அவள் முக்காடு இழுத்ததெல்லாம் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். ஷம்சாத் மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது. அதை டாக்டர்தான் குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, தஹ்மீனாவின் கையில் வைத்தார். அப்புறம் பேனாவைத் திறந்து எழுதினார். அவர் எழுதிய சதவீதத்துக்கு உதவித்தொகையும் உண்டு, காப்பகத்தில் இடமும் உண்டு. ஷம்சாத் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. கிடைத்த தாளை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை.

பஸ்ஸில் உபைதுல்லா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது ஷம்சாத்துக்கு ஆறியிருக்கும். சாப்பிட்டார், கடைக்குப் போனார், வந்தார். தஹ்மீனா டீ கொண்டுவந்து வைத்து முக்காட்டை இழுத்துவிட்டபோது மட்டும் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் தஹ்மீனா வழக்கம்போலப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் திரும்பி வந்ததிலிருந்து எந்த வெள்ளிக்கிழமையும் அது அடித்ததில்லை.

அன்றைக்கு அடித்தது.

தஹ்மீனா பாய்ந்து எடுத்தாள். நாலு வாக்கியத்தையும் சொன்னாள். பிறகு உம்மாவிடம் ரிசீவரை நீட்டினாள். ஷமீராவாக இருக்கும் என்று ஷம்சாத் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியாகப் பள்ளிவாசல் பாங்கு ஒரு காதில் கேட்டது. ரிசீவருக்குள் அதே பாங்கு மறு காதில் கேட்டது. பள்ளிவாசலுக்கு எதிரில் இருக்கும் எஸ்.டி.டி. பூத் ஷம்சாத்தின் நினைவுக்கு வந்தது.

"என்னங்க..." என்றாள்.

"அவகிட்டயே குடு ஷம்சாத்" என்றார் உபைதுல்லா. "அவ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

ஷம்சாத் ரிசீவரை மகளின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.